நான் போகட்டுங்களா

பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்திருந்ததால் ஜோஸ்பின் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட்டு, பாதிச் சந்திலிருந்து திரும்பி வந்தாள். திண்டுக்கல் ரவுண்டு ரோட்டிலிருந்து பிரியும் சந்து அது. பழைய ஓட்டு வீடு ஒன்றின் முன்பாதியை மனநல டாக்டர் அருள்நாதன் கிளினிக்காக மாற்றியிருந்தார். பேகம்பூர்த் தோல் தொழிற்சாலைகள் பக்கமிருந்து வந்த காற்றில் தோல் ஊறும் வாடை லேசாகக் கலந்திருந்தது.

"ஜீவி, செருப்ப இங்கயே கழட்டிரு."

ஜீவிதா கழற்றினாள். கழற்றிய பிறகும் நகரவில்லை. தன் இரண்டு பாதங்களையும், யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினாறு வயது. பிளஸ் ஒன் படிக்கிறாள். அப்பா பிராங்கிளின் குவைத்தில். வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான். ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் ஜோஸ்பின் அன்று அரை நாள் விடுப்பு போட்டிருந்தாள்.

உள்ளே மேசை மீது ஃபைல்கள். மேலே மெதுவாகச் சுற்றும் மின்விசிறி. டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். அவசரப்படாத மனிதர்.

"என்னம்மா பண்ணுது? உன் வார்த்தையிலயே சொல்லு."

ஜீவிதா கையை விரித்துப் பார்த்தாள். "இது என் கைதான்னு தெரியுது சார். ஆனா என்னோடதுன்னு தோணல. பேசுனா வேற யாரோ பேசுற மாதிரி கேக்குது. அம்மா தொட்டாக்கூட கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொடுற மாதிரி இருக்கு. இப்ப பேசுறதுகூட அவதான். நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"எப்ப ஆரம்பிச்சுச்சு?"

காலாண்டுத் தேர்வில் ஆரம்பித்தது என்றாள். நீட் பயிற்சி, பள்ளி, மறுபடியும் பயிற்சி என்று பல வாரங்களாகச் சரியான தூக்கமில்லை. தேர்வு அறையில் நெஞ்சு படபடவென்று அடித்தது. செத்துவிடுவோம் என்று தோன்றியது. அப்புறம் சட்டென்று எல்லாம் அமைதியாகிவிட்டது. எழுதிக்கொண்டிருந்த ஜீவிதாவை, இன்னொரு ஜீவிதா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. அதுவே ஜோஸ்பினுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"இது பைத்தியமும் இல்ல, பேயும் இல்லம்மா. உன் வயசுல நெறையப் பேருக்கு வரும், வெளிய சொல்ல மாட்டாங்க. தாங்க முடியாத பயம் வந்தா மனசு ஒரு எட்டுப் பின்னால போய் நின்னுக்கும். நின்ன பிறகு திரும்பி வர வழி தெரியாம முழிக்கும். வழி காட்டுனா வந்துரும். உனக்கே தெரியுது பாரு, இது வெறும் தோணல்தான்னு. அது தெரியிற வரைக்கும் பயப்பட ஒண்ணுமில்ல."

ஜீவிதா தலையாட்டினாள்.

"அங்க தனியா இருந்தாப் பரவால்ல சார்," என்றாள்.

டாக்டரின் பேனா நின்றது.

"எங்க?"

"நான் நின்னு பாக்குற எடத்துல. கதவுகிட்ட."

ஜோஸ்பின் திரும்பிப் பார்த்தாள். திறந்த கதவு. அதற்கு அப்பால் சந்தின் வெயில். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புகள்.

வேறு ஒன்றுமில்லை.

ஜீவிதாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் ஜோஸ்பினிடம் ஒளிக்காமல் பேசினார். "முதல்ல சொன்னதெல்லாம் எனக்குப் பழக்கமானது. கடைசியாச் சொன்னது இதுல வர்றதில்லை. எதுக்கும் ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம்."

ஸ்கேனில் குறை எதுவும் இல்லை. சிகிச்சை தொடங்கியது. பயிற்சி வகுப்பை நிறுத்தினார்கள். இரவுத் தூக்கத்தைச் சரிசெய்தார்கள். படபடப்புக்குச் சின்ன மாத்திரை ஒன்று. வாரம் ஒருமுறை டாக்டரோடு பேச்சு. 'நான் நானாத்தான் இருக்கேனா' என்று சும்மா சும்மா சோதித்துப் பார்க்கக் கூடாது, சோதிக்கச் சோதிக்க மனசு இன்னும் ஓர் எட்டுப் பின்னால் போகும் என்றார். "உள்ள பாக்காதே. வெளிய பாரு. குளுந்த தண்ணில கைய வையி. கண்ணுக்குத் தெரியிறத வாய்விட்டுச் சொல்லு. உடம்பு எங்க இருக்கோ மனசு அங்க வரும்."

மெல்ல மெல்லப் பலன் தெரிந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "அம்மா, இப்ப இருக்கேன்மா!" என்று கத்தினாள் ஜீவிதா. கூட இரண்டு தோசை கேட்டாள். மறுநாள் மறுபடியும் கண்கள் தூரமாயின. ஆனாலும் இருக்கும் நேரம் கூடிக்கொண்டே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ரொனால்டு வந்தான்.

ரொனால்டு ஜோஸ்பினின் ஒரே தம்பி. நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா கஸ்பார் விட்டுப்போன கொய்யாத் தோட்டத்தை ஆயக்குடியில் தனியாக இருந்து பார்த்துக்கொள்கிறான். கோபமே வராத மனிதன் என்று பெயர். வேலையாட்களை அதட்டியதில்லை. கோயிலுக்கும் கன்னியர் மடத்துக்கும் கூடை கூடையாகப் பழம் அனுப்புவான். அக்காவையே 'நீங்க' என்றுதான் சொல்வான். பழனிப் பக்கத்துப் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, ஒரு பை நிறையக் கொய்யாவோடு வந்து உட்கார்ந்தான்.

"பாப்பாவுக்கு மருந்தெல்லாம் எதுக்குங்க அக்கா? எனக்கும் அந்த வயசுல இப்படித்தானுங்க வந்துச்சு. யாரும் ஒண்ணும் பண்ணல. ஒருநாள் காலையில தானா சரியாப் போச்சுங்க."

ஜோஸ்பினுக்கு அது மங்கலாக நினைவிருந்தது. அவள் ஆசிரியப் பயிற்சி விடுதியில் இருந்த வருடம். ரொனால்டு பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியிருந்தான். 'கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருந்தான், இப்பச் சரியாயிட்டான்' என்று அப்பா சொன்னார். கோடை விடுமுறைக்கு அவள் போனபோது தோட்டத்துக் கேட்டைத் திறந்துவிட்டு, "வாங்க அக்கா" என்றான்.

"டாக்டர் நல்லாத்தான் பாக்குறாருடா. குணம் தெரியுது."

"அப்படீங்களா," என்றான் ரொனால்டு. அவன் கண்கள் ஜீவிதாவின் மீதே இருந்தன. மருமகளைப் பார்க்கும் பார்வையாக அது இல்லை. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் சுவரையும் கூரையையும் அளப்பதுபோல, நிதானமாக, திருப்தியாகப் பார்த்தான்.

அவன் கார் தெருமுனையைத் தாண்டிய பிறகு ஜீவிதா அடுப்படிக்கு வந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, மாமா வந்தா அவன் கத்துறான்."

"எவன்டி?"

"கதவுகிட்ட நிக்கிறவன். என் வயசுதான் இருக்கும். வெள்ளைச் சட்டை, காக்கி பேண்ட். முன்பல்லு ஒண்ணு பாதி ஒடஞ்சிருக்கு. மாமாவக் காட்டிக் காட்டி அழறான்." ஜீவிதா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உன்னை சோசின்னு சொல்றான்."

ஜோஸ்பினின் கையிலிருந்த கரண்டி சட்டிக்குள் நழுவியது.

தம்பிக்குச் சின்ன வயதில் 'ஜோ' வராது. சோசி, சோசி என்று பின்னாலேயே ஓடி வருவான். வளர்ந்த பிறகும் அதை விடவில்லை. கொய்யா மரத்திலிருந்து விழுந்து பல்லை உடைத்துக்கொண்டபோதும் "சோசி, அப்பாகிட்டச் சொல்லாத" என்றுதான் அழுதான். அந்தக் கோடைக்குப் பிறகு அவன் ஒருமுறைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. உடைந்த பல்லுக்கும் பல் டாக்டரிடம் போய் உறை போட்டுக்கொண்டான். இந்தப் பெயரை அவள் மகளிடம் சொன்னதே கிடையாது.

அப்படியானால் இத்தனை வருடமாகப் பழம் கொண்டுவந்து கொடுப்பது யார்?

அடுப்பை அணைத்துவிட்டு மகளைத் தன்னருகே உட்கார வைத்தாள்.

"அங்க அவன் மட்டுந்தானா?"

"இல்லம்மா. அவனுக்குப் பின்னாடி இன்னொண்ணு நிக்குது. ஒசரமா. மூஞ்சி சரியா வரல. அது என்கிட்ட மரியாதையாத்தான் கேக்குது."

"என்ன கேக்குது?"

ஜீவிதா அதே தொனியில், தன்மையாகச் சொன்னாள்.

"நீங்க உள்ள போகலைங்களா? அப்ப நான் போகட்டுங்களா?"

வெளியே தெருவில் பால்காரரின் மணி அடித்தது.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. பதில் சொல்லாதேன்னு அவன் என் வாயப் பொத்துறான்."

அதற்குப் பிறகு ஜோஸ்பின் விடுப்பு போட்டுவிட்டு, மகளையும் பள்ளிக்கு அனுப்பாமல், கூடவே இருந்தாள். தன் பள்ளியில் ஆய்வு நடந்த ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் அவளை வீட்டில் தனியே விட வேண்டியதாயிற்று. பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது கைப்பேசி அடித்தது. ரொனால்டு.

"அக்கா, பாப்பாவத் தோட்டத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டேனுங்க. வீட்டுக்குள்ளயே அடஞ்சு கிடந்தா எப்படிங்க? சாயங்காலத்துக்குள்ள சரியாயிடுமுங்க."

"ரொனால்டு, அவள உடனே—"

இணைப்பு போய்விட்டது.

பழனிப் பேருந்தில் ஏறியதும் டாக்டரை அழைத்தாள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியவில்லை. "சார், அவ ரொம்பத் தூரம் போயிருவாளோன்னு பயமா இருக்கு," என்றாள்.

"கத்தாதீங்க, அடிக்காதீங்க, உலுக்காதீங்க," என்றார் டாக்டர். "தண்ணி, வாசம், சொரசொரப்பா ஏதாவது. உடம்புக்கு நல்லாத் தெரியிற மாதிரி குடுங்க. உள்ள என்ன தோணுதுன்னு கேக்காதீங்க. வெளிய என்ன இருக்குன்னு கேளுங்க. நீங்க பதறுனா அவளும் பதறுவா. எதுன்னாலும் எனக்குப் போன் போடுங்க."

ஒட்டன்சத்திரத்தில் வெங்காய மூட்டைகளோடு ஆட்கள் ஏறினார்கள். பேருந்து நின்று நின்று போனது. ஆயக்குடியில் இறங்கியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

மண்பாதையின் இரண்டு பக்கமும் கொய்யாத் தோட்டங்கள். கிளிகளுக்குப் பயந்து எல்லா மரங்களையும் வலையால் மூடியிருந்தார்கள். எங்கோ ஒருவர் தகர டப்பாவைத் தட்டிக் கிளிகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

ரொனால்டின் தோட்டத்தில் வலை இல்லை.

பழங்கள் பழுத்து, விழுந்து, தரையெல்லாம் கிடந்தன. கள்ளைப்போலப் புளித்த வாசனை தொண்டையை அடைத்தது. அத்தனை பழத்தில் ஒன்றில்கூட அலகு பட்ட தடம் இல்லை. இலை அசையவில்லை. கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் அந்தத் தகரச் சத்தமும் நின்றுபோனது.

பம்புசெட் அறைக்குள்ளிருந்து பேச்சுக் குரல் கேட்டது.

தாலாட்டுபோல, ஒரே சீராக.

"விட்டுருங்க. சிரமப்படாதீங்க. கைய விட்டுருங்க. காலை விட்டுருங்க. கண்ணையும் விட்டுருங்க. போயி நின்னுக்கோங்க. ஒண்ணும் ஆகாதுங்க."

ஜோஸ்பின் வாசலில் நின்றாள். ஜீவிதா கயிற்றுக் கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தாள். எட்டத்தில் ஒரு முக்காலியில் ரொனால்டு. பதினாறு வயதுப் பெண்ணிடம், தன் சொந்த மருமகளிடம், அவன் 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தான்.

"சரிங்க," என்றாள் ஜீவிதா.

பிறகு தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். இதமாகச் சிரித்தாள்.

"வாங்க அம்மா. சாப்டீங்களா?"

கத்தக் கூடாது. அடிக்கக் கூடாது. ஜோஸ்பின் டாக்டரின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டாள். மோட்டார் சுவிட்சைத் தட்டினாள். மகளின் கையைப் பிடித்து வெளியே தொட்டிக்குக் கூட்டிப்போனாள். அந்தக் கை மறுக்காமல் வந்தது. கனமே இல்லாமல் வந்தது.

குழாயிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு விழுந்தது. இரண்டு கைகளையும் முழங்கை வரை அதில் நீட்டிப் பிடித்தாள்.

"கண்ணு, இது என்ன?"

"தண்ணிங்க அம்மா."

"எப்படி இருக்கு?"

அந்த முகம் சிரித்தபடியே இருந்தது. உதடுகள் பிரிந்தன, மூடின. எப்படி இருக்கும் என்பது அதற்குத் தெரியவில்லை.

"வெளிய பாரு. என்ன தெரியுது?"

"மரமுங்க."

கொய்யா இலையைக் கசக்கி மூக்கில் வைத்தாள். தொட்டியின் சொரசொரப்பான விளிம்பில் உள்ளங்கையைத் தேய்த்தாள். அது எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னது. ஜீவிதாவின் கண்களில் ஜீவிதா இல்லை.

ஜோஸ்பின் பம்புசெட் அறையின் வாசலைப் பார்த்தாள். அங்கே வெறும் நிழல். அவளுக்கு வேறு யாரைக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

"தம்பி," என்றாள். "டேய் ரொனால்டு, சோசிடா. நீ அங்கதான நிக்கிற? அவள உள்ள தள்ளுடா, அப்பு. தள்ளிவிடுடா!"

மோட்டார் திணறியது. தண்ணீர் ஒரு கணம் நின்று, மறுபடி பாய்ந்தது.

ஜீவிதாவின் உடம்பு முதுகில் யாரோ மோதியதுபோல முன்னால் சரிந்தது.

"ஐயோ! குளுருதும்மா!"

அழுதாள். மூக்கு ஒழுக, வாய் கோண, சின்னப் பிள்ளைபோல அழுதாள். ஜோஸ்பின் அவளை இறுக்கிக்கொண்டாள். இப்போது அந்த உடம்பில் கனம் இருந்தது.

ரொனால்டு வாசலில் வந்து நின்றான். முகத்தில் கோபமில்லை, ஏமாற்றம்கூட இல்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாமுங்க அக்கா," என்றான் மெதுவாக. "பாவம், ரொம்ப நாளா நிக்குதுங்க."

திரும்பும் பேருந்தில் ஜீவிதா அம்மாவின் தோளில் சாய்ந்து நடுங்கிக்கொண்டே சொன்னாள். "அவன்தாம்மா தள்ளுனான். தள்ளிட்டு, அந்த ஒசரமானத ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுக்கிட்டான். என் பின்னாடி வந்துராம."

ஜோஸ்பின் இந்த முறை எதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொன்னாள். அவர் முழுதும் கேட்டார். சிரிக்கவில்லை.

"அது என்னன்னு எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி பேச மாட்டேன். ஜீவிதா தனக்குள்ள உறுதியா நிக்கணும். அதுக்கு வழி எனக்குத் தெரியும். அதை விடாமச் செய்வோம்."

விடாமல் செய்தார்கள். அரையாண்டு போய், முழுப் பரீட்சையும் வந்து போனது. தேர்வு அறையில் நெஞ்சு படபடத்தபோது ஜீவிதா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணினாள். பயம் வந்தது, போனது. அவள் எங்கும் போகவில்லை. மாத்திரையை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். கண்ணாடி கரைந்துவிட்டது என்று ஒருநாள் அவளே சொன்னாள். சொல்லிவிட்டு வாசல் கதவைப் பார்த்தாள்.

"அவனத்தான் இனி பாக்க முடியாதுல்லம்மா," என்றாள்.

ரொனால்டு அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. ஜோஸ்பினும் போகவில்லை. மழைக்காலம் முடிந்து, ஒருநாள் பழனியில் ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சையாம். சொந்தம் என்று அவள் பெயரைத்தான் கொடுத்திருந்தானாம். போகக் கூடாது என்று நினைத்தாள். அந்த உடம்பு தம்பியுடையதுதானே என்றும் நினைத்தாள். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தனியாகப் போனாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்திருந்தது. காலை வெளிச்சம் வார்டு முழுக்க விழுந்து கிடந்தது. டெட்டால் வாசனை. "மயக்கம் தெளியிற நேரம்தான், பேசிப் பாருங்க," என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜோஸ்பின் கட்டிலருகே நின்றாள். அவன் இமைகள் துடித்தன. திறந்தன.

அந்தக் கண்கள் வார்டைச் சுற்றி மிரண்டு ஓடின. அவன் கையைத் தூக்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். நரைத்த ரோமம், புடைத்த நரம்பு. புறங்கையைத் திருப்பினான். மறுபடி திருப்பினான்.

"இது யாரு கை?"

குரல் உடைந்திருந்தது. மீசை அரும்பும் வயதுப் பையனின் குரல்.

அவன் ஜோஸ்பினைப் பார்த்தான். அடையாளம் தெரிய நேரம் பிடித்தது. தெரிந்ததும் உதடு பிதுங்கியது.

"உனக்கு ஏன் இம்புட்டு நரச்சுப் போச்சு?"

அவள் அந்தக் கையைப் பாய்ந்து பிடித்தாள். மேசையிலிருந்த தண்ணீரை அதன் மேல் ஊற்றினாள். "வெளிய பாரு அப்பு. உள்ள பாக்காத. என்ன தெரியுது சொல்லு. சீக்கிரம் சொல்லு!"

"ஃபேன்," என்றான். "சன்னல். வெயிலு." அவன் விரல்கள் அவள் விரல்களை நசுக்கும்படி இறுக்கின. "குளுருது... குளுருது..."

"நல்லாப் புடிச்சுக்க. விட்றாத. இன்னும் சொல்லு."

அவன் பார்வை அவள் தோளுக்கு மேலே, வார்டின் வாசலுக்குப் போனது. அங்கேயே நிலைத்தது.

"வருது," என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் யாருமில்லை.

மறுபடி முகத்தைத் திருப்பியபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். இதமான, பழக்கமான சிரிப்பு. மிரட்சி இருந்த இடமே தெரியவில்லை.

"எப்பங்க வந்தீங்க? பாப்பா சௌக்கியமுங்களா?"

அந்தக் கை மட்டும் அவளை இன்னும் விடவில்லை. முகம் சிரிக்கச் சிரிக்க, கை தன் பலம் முழுவதையும் சேர்த்து அவளைப் பிடித்துக்கொண்டு நடுங்கியது. ரொனால்டு தலையைச் சாய்த்து, வேடிக்கைபோல அதைப் பார்த்தான்.

பிறகு சுண்டுவிரல் விலகியது. அடுத்து மோதிர விரல். பக்கத்தில் யாரோ நின்று, பொறுமையாக ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவதுபோல, எல்லா விரல்களும் திறந்தன.